பள்ளிக்கூடம் மூடியிருக்கும் நாட்களில் பிள்ளைகளை எங்கே விடுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இருவரும் ஒரே அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் ஆசிரியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்கிறார்கள். எங்கள் சொந்த ஊர் தேனிப் பக்கம். இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மகளிடம் தம்பியை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா, இருவரையும் ஊருக்கு அனுப்பிவிடலாமா? பேசாமல் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு பள்ளியைப் பூட்டிவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன். போராட்டத்தின் நியாயம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பெற்றோரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. முதல் நாள் காலை கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் பையோடு நின்றதாகவும், ஒன்பது மணிவரை காத்திருந்துவிட்டுப் போனதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். உங்களுக்கு முன்கூட்டியே செய்தி தெரிந்திருக்கிறது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

'காலவரையற்ற' என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் அண்மைக்காலத்தில் பெரிதாக நடந்தது 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தம். பழைய ஓய்வூதியத் திட்டம் திரும்ப வேண்டும், இடைநிலை ஆசிரியர்களின் ஊதிய முரண்பாட்டைக் களைய வேண்டும், பள்ளிகள் இணைப்பைக் கைவிட வேண்டும் எனப் பல கோரிக்கைகள். 2018 டிசம்பர் 4 அன்றே தொடங்குவதாக இருந்து, உயர் நீதிமன்றம் தலையிட்டதால் தள்ளிப்போய், ஜனவரி 22-இல் தொடங்கி, 30-ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. இடையில் குடியரசு நாளும் ஞாயிறும் வந்துவிட்டதால் இழந்தது ஏழு வேலை நாட்கள்தான். தொடங்கும் தேதியும் மாறலாம், முடியும் தேதியும் திடீரென்று வரும். அதனால் ஒரு வாரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த வாரத்தை ஞாயிறு மாலை யோசித்துக்கொள்ளலாம்.

இதே காரணத்தால்தான் தேனிக்கு அனுப்ப வேண்டாம் என்கிறேன். தாத்தா பாட்டியிடம் பிள்ளைகள் நன்றாகத்தான் இருப்பார்கள். ஆனால் புதன்கிழமை இரவு பேச்சுவார்த்தை முடிந்து வியாழக்கிழமை காலை பள்ளி திறந்துவிட்டால் யார் போய் அழைத்து வருவது? உங்கள் கணவர் எந்த மாநிலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாரோ. ஏழு நாள் விடுமுறை பன்னிரண்டு நாளாகிவிடும். வேலைநிறுத்தம் இரண்டாவது வாரத்துக்கு நீண்டால் மட்டும் அதை யோசியுங்கள்.

அடுத்து மகள். ஏழாம் வகுப்பு என்றால் பன்னிரண்டு வயது. உங்களுக்கு ஒரு ஷிப்ட் என்றாலே காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. ஒன்றரை ஷிப்ட் ஓடினால் இரவு எட்டரை. அத்தனை நேரம் ஒரு சிறுமி எட்டு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்வது முதல் நாள் விளையாட்டாக இருக்கும். மூன்றாம் நாள் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். பையனோ அவள் சொல்வதைக் கேட்க மாட்டான். நண்பர்களோடு குட்டைக்கும் கிணற்றுக்கும் கிளம்புவான். பள்ளி இல்லாத நாட்களில் எனக்கு இருந்த பெரிய பயமே தண்ணீர்தான். மழை பெய்து நிறைந்த பழைய கல்குவாரிக் குட்டைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பையனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திருப்பூருக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளி மூடினால், வீட்டில் பனியனின் நூல் பிசிறு வெட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள், 'சும்மாதானே இருக்கிறாள், வந்து நாலு கட்டு வெட்டட்டும்' என்பார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள், கையில் இருபது முப்பது ரூபாயும் கொடுப்பார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை இப்படிக் கூலிக்கு வேலை வாங்குவது சட்டப்படி குற்றம். அதைவிட, காசு பார்த்த பிள்ளையைப் பள்ளி திறந்ததும் திரும்ப உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்பதை வகுப்பறையில் பார்த்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றுபோன சில பிள்ளைகளின் கதை இப்படி ஒரு விடுமுறையில்தான் ஆரம்பித்தது. தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

அப்படியானால் யார் பார்த்துக்கொள்வது? நீங்கள் இருப்பது காம்பவுண்டு வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இருப்பார்கள். அந்தத் தாய்மார்களும் இன்றைக்கு உங்களைப் போலவே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். நான்கு வீடு என்றால் ஆளுக்கு ஒரு நாள் விடுப்பு. அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் அந்த வீட்டில். வாரத்துக்கு ஆறு நாள் கம்பெனி ஓடினால் மீதி இரண்டு நாளில் ஒன்றை அன்று வெளியூர் போகாத அப்பா ஒருவர் ஏற்கட்டும். இன்னொன்றுக்கு, காம்பவுண்டில் வயதான அம்மா யாராவது இருந்தால் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவருக்குக் கூலி கொடுங்கள். இனாமாகக் கேட்காதீர்கள்; இனாமாகப் பார்த்துக்கொள்பவர் மதியம் தூங்கிவிட்டாலும் கேள்வி கேட்க முடியாது. இப்படிச் செய்தால் உங்களுக்கு ஒரு நாள் கூலிதான் போகும், ஆறு நாள் கூலி போகாது. எந்த நாள் உங்கள் முறை என்பதைக் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருந்தாலும் அது ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான். அதை நம்பிப் பையனைக் கையோடு அழைத்துப் போக வேண்டாம்.

சாப்பாடுதான் பலர் மறந்துவிடும் விஷயம். உங்கள் மகன் மூன்றாம் வகுப்பு. காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடுகிறான், மதியம் சத்துணவும் உண்டு. மகளுக்கு மதியம் மட்டும். பள்ளி மூடினால் வாரத்துக்குப் பதினைந்து வேளை உணவு திடீரென உங்கள் அடுப்புக்கு வந்துவிடுகிறது. அரிசியையும் முட்டையையும் அதற்குத் தகுந்தபடி வாங்கி வையுங்கள். ஆனால் ஆசிரியர் வராவிட்டால் உணவும் இல்லை என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். காலை உணவைச் சமைப்பவர்களும் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் ஆசிரியர்கள் அல்ல. அவர்கள் சங்கம் போராட்டத்தில் சேரவில்லையென்றால் சமையல் நடக்கலாம். அதோடு, பள்ளி திறந்திருந்து மதிய உணவு மட்டும் கிடைக்காமல் போனால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2015-ஆம் ஆண்டு விதிகள்படி அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டியது அரசின் பொறுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். இந்தக் கேள்வியை அங்கே எழுப்புங்கள். பெற்றோர் கேட்டால்தான் இது பேச்சுக்கே வரும்.

பள்ளி முழுவதுமாக மூடும் என்றும் சொல்ல முடியாது. எல்லாச் சங்கங்களும் எல்லாப் போராட்டத்திலும் சேர்வதில்லை. ஐந்து ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் வரலாம், வட்டாரக் கல்வி அலுவலர் வேறொருவரை அனுப்பலாம். 2019-இல் தற்காலிக ஆசிரியர்களை மாதம் 7,500 ரூபாய்க்கு எடுக்கப்போவதாக அரசு முதலில் அறிவித்து, பிறகு 10,000 ஆக்கியது. பள்ளி திறந்திருந்தால் அனுப்புங்கள், ஆனால் கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே ஒரு பெரியவர் இருக்கிறார் என்று கண்ணால் பார்த்த பிறகு கிளம்புங்கள். நூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்றால் அன்று பாடம் நடக்காது. இருந்தாலும் உங்கள் காம்பவுண்டைவிட அது பாதுகாப்பான இடம்.

படிப்பைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், ஆறு முதல் எட்டு வரை 220. விடுபட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டச் சொல்வார்கள். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் தேர்ச்சி தராமல் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் காலையில் ஒரு மணி நேரம் போதும். மகன் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கட்டும், வாய்ப்பாடு சொல்லட்டும். மகள் கணக்குப் பயிற்சியில் ஐந்து போடட்டும். கைபேசியைக் கொடுத்து 'கல்வித் தொலைக்காட்சி பார்' என்றால் பத்தாவது நிமிடம் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கட்டும். மீதி நேரம் விளையாடட்டும், பெரியவர் கண் பார்வையில்.

இனி உங்கள் கணவர் சொன்ன தனியார் பள்ளி. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கின்றன. உங்கள் மகள் ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். ஏழெட்டு நாள் கோபத்தில் இன்று மாற்றினால் இவையெல்லாம் அவள் கையைவிட்டுப் போகும். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் அந்த இடைவெளி பதிவில் நிற்கும். பள்ளியில் உண்மையிலேயே பாடம் நடப்பதில்லை என்றால் அது வேறு பிரச்சினை, அதற்குத் தனியாக எழுதுங்கள். பள்ளியை மாற்ற வேலைநிறுத்தம் காரணமாக வேண்டாம்.

இந்த வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தலைமை ஆசிரியரின் எண்ணையும் வகுப்பு ஆசிரியையின் எண்ணையும் வாங்கிக்கொண்டு, 'பள்ளி திறக்கும் முந்தைய இரவு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்' என்று கேளுங்கள். நியாயமான ஆசிரியர் மறுக்க மாட்டார். ஆனால் போராட்ட நாட்களில் பலர் போனை எடுப்பதில்லை, நானும் எடுத்ததில்லை. அதனால் சத்துணவு அமைப்பாளரின் எண்ணையும் சேர்த்து வாங்கி வையுங்கள். எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று அவர் முதல் நாளே தெரிந்துகொண்டாக வேண்டும். பள்ளி திறக்கும் செய்தி எங்களைவிட அவருக்குத்தான் முதலில் போகும்.