திரையில் ஒரே ஒரு குண்டு

கேள்வி: என் மாமா வாரம் தவறாமல், ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸேறிக் கொம்தார் பக்கம் போய் வீடியோ கேம் ஆடிய கதையைச் சொல்கிறார். ஸ்பேஸ் இன்வேடர்ஸ், கலாகா என்று பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. இரண்டையும் கைப்பேசியில் ஆடிப் பார்த்தேன். பட்டனை விடாமல் தட்டுவதைத் தவிர அவற்றில் என்ன இருக்கிறது? பழைய நினைப்பில்தானே நீங்களெல்லாம் அவற்றைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: விடாமல் தட்டினேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். எத்தனையாவது நிமிடத்தில் செத்தீர்கள் என்பதை மட்டும் ஏன் தம்பி மறைத்தீர்கள்?

ஸ்பேஸ் இன்வேடர்ஸில், அணிவகுத்து நடந்தபடி மெல்லக் கீழே இறங்கும் எதிரிப் படையை நோக்கி நீங்கள் சுட்ட குண்டு எதன்மீதாவது பட வேண்டும், இல்லாவிட்டால் திரையின் உச்சிக்குப் போய் மறைய வேண்டும். அதுவரை அடுத்த குண்டு கிளம்பாது, எத்தனை முறை தட்டினாலும். குறி தப்பினால் அந்த நேரம் முழுக்க வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். எதிரியின் குண்டுகள் உங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. மொத்த உத்தியும் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது. கீழ் வரிசையை அடித்தால் குண்டு சீக்கிரம் கைக்குத் திரும்பும். ஓரத்து நெடுவரிசைகளைக் காலி செய்தால், படை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அதிக தூரம் நடக்க வேண்டும், கீழே இறங்குவது தாமதமாகும். இப்போது எது தேவை? இதை ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டும்.

1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக இதை உருவாக்கியவர் தோமோஹிரோ நிஷிகாடோ. வரிசைக்கு 11 பேராக 5 வரிசை, ஆக 55 எதிரிகள். அத்தனை பேரையும் வரைய அன்றைய கணினிச் சில்லு திணறியது. ஆள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்கள் வேகமாக ஓடினார்கள். நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். அதனால் நீங்கள் நன்றாக ஆட ஆட ஆட்டம் கடினமாகிறது. கடைசியாக எஞ்சும் ஒருவன் ஓடுகிற ஓட்டத்துக்குப் பட்டன் தட்டல் செல்லாது. அவன் வரப்போகும் இடத்தைப் பார்த்து முன்கூட்டியே சுட வேண்டும்.

மேலே அவ்வப்போது கடந்து போகும் பறக்கும் தட்டை உங்கள் 23-ஆவது குண்டில் வீழ்த்தினால் 300 புள்ளி. அதன் பிறகு ஒவ்வொரு 15-ஆவது குண்டுக்கும் அதே 300. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் குண்டுகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஆடினார்கள். நீங்கள் எண்ணினீர்களா?

கலாகா இன்னும் பொல்லாதது. 1981-இல் நாம்கோ வெளியிட்டது. இதில் இரண்டு குண்டுகள் வரை பறக்கவிடலாம். எதிரிப் படையின் தலைவன் ஒளிக்கற்றையை வீசி உங்கள் விமானத்தை இழுத்துக்கொள்ள வருவான். புதியவர் அலறி விலகுவார். பழகியவர் தானே போய் மாட்டிக்கொள்வார், ஓர் உயிரை அடகு வைத்து. பிறகு அதே தலைவன் கைதியோடு பாய்ந்து வரும்போது அவனை மட்டும் குறி பார்த்து அடித்தால், விடுபட்ட விமானம் உங்களோடு சேர்ந்துகொள்ளும். இரட்டைத் துப்பாக்கி கிடைக்கும். அவன் அணியில் நிற்கும்போது அவசரப்பட்டு அடித்தால் மீட்பு நடக்காது. கைதியின் மீதே குண்டு பட்டால் உங்கள் விமானத்தை நீங்களே அழித்தவராவீர்கள். கடைசி உயிரை அடகு வைத்தாலோ ஆட்டம் அங்கேயே முடிந்தது. மீட்ட பிறகும் நிம்மதி இல்லை. இரண்டு விமானங்கள் அருகருகே நின்றால் எதிரிக்கு இரு மடங்கு இலக்கு. இவ்வளவு கணக்கும் ஒரு கைப்பிடியையும் ஒரு பட்டனையும் வைத்து!

புள்ளியிலும் அதே கணக்குதான். அணியில் சும்மா நிற்கும் தலைவனுக்கு 150. இரண்டு மெய்க்காவலரோடு பாய்ந்து வரும் அதே தலைவனுக்கு 1,600. ஆபத்து நெருங்கும்வரை பொறுத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் கூலி.

உங்கள் குற்றச்சாட்டு பொருந்துகிற ஆட்டங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். செத்ததும் இன்னொரு காசு போட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்ற வழக்கம் பரவிய பிறகு, பல ஆட்டங்கள் திறமையைக் கேட்காமல் பாக்கெட்டைக் கேட்டன. இன்று கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் பிளாஸ்டிக் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, அட்டையில் பணம் தீரும்வரை சுடுகிறார்களே, அங்கே போய் ‘வெறும் தட்டல்’ என்று சொல்லுங்கள். எனக்கு மறுப்பில்லை. கடைக்காரருக்கு ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், ஆடுகிறவருக்கு ஒரே காசில் நெடுநேரம் நிற்க வேண்டும். பழைய இயந்திரங்கள் அந்த இழுபறியைத் திறமையின் கையில் விட்டன. உங்கள் மாமாவின் பெருமையும் எத்தனை வெள்ளி செலவழித்தார் என்பதில் இருக்காது, எவ்வளவு குறைவாகச் செலவழித்தார் என்பதில்தான் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

பழைய நினைப்புதான் காரணம் என்றால் இந்த வித்தை அந்த இயந்திரங்களோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. 1995-இல் வந்த டோன்பாச்சி என்ற விமானச் சண்டை ஆட்டத்தில் திரை முழுக்கக் குண்டு மழை, உங்களுக்கும் குண்டுப் பஞ்சம் இல்லை. ஆனால் பட்டனை அழுத்திப் பிடித்தால் லேசர் கிளம்பும், கூடவே விமானத்தின் வேகம் குறையும். அங்கேயும் சுடுவதற்கு ஒரு விலை உண்டு.

கைப்பேசியில் ஆடியது இன்னொரு கோளாறு. கட்டை விரலே பாதித் திரையை மறைக்கும்போது எதைக் குறி பார்ப்பது? கைப்பிடி வைத்த இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, மாமாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கலாகா ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எத்தனை குண்டு சுட்டீர்கள், எத்தனை பட்டது, அது எத்தனை விழுக்காடு என்று அந்த இயந்திரம் தானே எழுதிக் காட்டும். அடுத்த கடிதத்தில் அந்த விழுக்காட்டை எழுதி அனுப்புங்கள். மாமாவுடையதையும் சேர்த்து.