ஒரு கைக்குப் பிள்ளை, மறு கைக்குக் கோப்பை: மண்பாண்டக் கேள்வி பதில்

திருகோணமலையில் மண் வனைகிறேன். பிள்ளை பெற்ற வீட்டுக்கான கோப்பை, கிண்ணம், சட்டிதான் என் வேலை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

உவர்மலைத் தங்கச்சி: தாய்மை என்கிறீர்கள், கோப்பையில் ஒரு அம்மா படம்கூட இல்லையே அக்கா?

மூத்தவளுக்கு அப்போது மூன்று மாதம். இடுப்பில் அவள், மற்றக் கையில் தேத்தண்ணி. வாங்கிய கோப்பையின் பிடி ஒட்டின இடத்தோடு கழன்று விட்டது. சூடு என் காலில் கொட்டியது, பிள்ளை தப்பினாள். அன்றிலிருந்து என் தாய்மை எல்லாம் அந்தப் பிடிக்குள்தான். மூன்று விரல் முழுதாக நுழைய வேண்டும், பிள்ளை தட்டினாலும் சாயாதபடி அடி அகலமாக இருக்க வேண்டும். பத்தியக்கறிக் கிண்ணத்தின் விளிம்பை உள்ளே மடக்குகிறேன். ஒரு கையால் கரண்டி போட்டாலும் சோறு வெளியே தள்ளுப்படாது.

பிடி ஏன் கழலுகிறது? கோப்பையும் பிடியும் ஒரே ஈரத்தில் இல்லாமல் ஒட்டினால், ஒன்று முந்திச் சுருங்கி வெடிப்பு விடும். வறண்ட கச்சான் காற்றில் பிடி சட்டென்று காய்ந்துவிடும். ஒட்டினதும் பொலித்தீனால் மூடி இரண்டு நாள் வையுங்கள்.

நிலாவெளித் தம்பி: களிமண்ணில் கடற்கரை மணல் கலக்கலாமா?

வேண்டாம். அதில் சிப்பித்தூள் இருக்கும். சூளையில் அது சுண்ணாம்பாகும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கி, சில நாள் கழித்துப் பாண்டத்தைச் சில்லுச் சில்லாக உடைத்துத் தள்ளும். கழுவின ஆற்று மணல் போடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு அண்ணன்: கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை மண்ணில் செய்து தாருங்கள். பழங்காலத்தில் இருந்ததுதானே?

இருந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் குழந்தைகளின் புதைகுழிகளில் கிடைத்த மூக்கு வைத்த சின்ன மண் பாத்திரங்களில் விலங்குப் பாலின் கொழுப்பு ஒட்டியிருந்ததை 2019இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். அவை கிறிஸ்துவுக்கு முன் 1200 முதல் 450 வரையிலான காலத்தவை. அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன். ஆனாலும் செய்து தர மாட்டேன். கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி போல மூடும் பூச்சு, இல்லாத மண் பாலை உறிஞ்சும். கழுவ மூக்குக்குள் விரலும் போகாது. எஞ்சிய பாலில் கிருமி வளரும். எவர்சில்வர் பாலாடையைக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள்.

அதே அண்ணன்: அப்படியென்றால் எங்கள் எருமைத் தயிர் மண்சட்டியில்தானே வருகிறது? அதில் கிருமி இல்லையா?

நல்ல கேள்வி. சட்டி தயிரின் தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் தயிர் கட்டியாகிறது. புளிப்பு கெட்ட கிருமியை அடக்கும், தயிர்ச் சட்டியும் பெரும்பாலும் ஒரு முறைக்குத்தான். தயிருக்கு நன்மை செய்யும் மண்ணின் அதே நுண்துளை பிஞ்சின் பாலுக்குக் கேடு.

தம்பலகாமத்து அம்மா: எங்கள் அப்பப்பா காலத்திலிருந்து கிளேஸ் இல்லாமலே சமைத்தோம். கிளேஸ் எதற்கு?

சமைக்கத் தேவையில்லை அம்மா. கஞ்சித் தண்ணி காய்ச்சிப் பழக்கின சட்டிக்கு அதுவே போதும், துளையில் மா அடைந்துகொள்ளும். பால், தேத்தண்ணிக் கோப்பைக்குத்தான் கிளேஸ் வேண்டும். அதுவும் ஈயம் இல்லாததாக இருக்க வேண்டும். புளியும் தேசிக்காயும் ஈயத்தைக் கரைத்து எடுக்கும். கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் அது நஞ்சு.

மூதூர்: சூளையில் சட்டி வெடிக்கிறது, காற்றுக் குமிழியா?

இல்லை, ஈரம். 100 பாகை செல்சியஸுக்குக் கீழே சில மணி நேரம் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஏற்றுங்கள்.

சாம்பல்தீவு: என் சட்டியும் வெடித்தது…

மூதூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

இன்னும் மூன்று பேர்: சட்டி வெடித்தது.

ஈரம், ஈரம், ஈரம்.

பெயர் சொல்லாத ஒருவர்: இணையத்தில் வாங்கின சிவப்புக் கிளேஸ், உள்ளே என்ன என்று எழுதவில்லை. பிள்ளையின் கோப்பைக்குப் போடலாமா?

போடாதீர்கள். ஈயம் பற்றி மேலே சொன்னேன், இன்னும் பத்துத் தரமும் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கிளேஸைப் பூச்சாடிக்குப் பூசுங்கள்.

இன்னொருவர்: உங்கள் கோப்பைக்கு மூடி ஏன்?

குடிக்க உட்காரும்போதுதான் பிள்ளை எழும்பும். திரும்பி வரும்போது கொஞ்சமாவது சூடு மிஞ்சட்டும்.