கேத்தில் 1500 வாற்றுத்தானா?

கேள்வி: 1500 வாற்று என்று சொல்லித் தந்த கரண்ட் கேத்தில் ஒன்றைக் கிளிநொச்சியில் வாங்கினேன். பின்னேரங்களில் தண்ணீர் கொதிக்கச் சுணங்குகிறது. வயரிங் வேலை செய்கிற தம்பி, கேத்தில் ஓடும்போது மீற்றர் பிடித்துப் பார்த்தார்: 190 வோல்ற்று, 5.4 அம்பியர். பெருக்கினால் 1026 வாற்றுத்தான் வருகிறது. 1000 வாற்றுக் கேத்திலைத் தலையில் கட்டிவிட்டார்களா? – வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை. தம்பி பெருக்கினது சரி. அந்த நேரத்தில் கேத்தில் எடுத்த வலு 1026 வாற்றுத்தான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 1500, 230 வோல்ற்று கிடைத்தால் எடுக்கும் வலு. கேத்திலுக்குள் ஏறக்குறைய மாறாமல் இருப்பது சூடாக்கும் கொயிலின் தடை, அதாவது கரண்ட் ஓடுவதை அது எவ்வளவு மறிக்கிறது என்ற அளவு (ஓமில் சொல்வது). அதைக் கண்டுபிடித்தால்தான் கடைக்காரர் சொன்னது உண்மையா என்று தெரியும்.

190ஐ 5.4ஆல் வகுங்கள். 35.2 ஓம். இனி 230ஐ அந்த 35.2ஆல் வகுத்தால் 6.53 அம்பியர், அதை 230ஆல் பெருக்கினால் 1500 வாற்று. 1000 வாற்றுக் கேத்தில் என்றால் தடை 53 ஓம் அளவில் இருக்கும், உங்கள் வீட்டில் மீற்றர் 3.6 அம்பியர்தான் காட்டியிருக்கும். சரியான சாமான்தான் வந்திருக்கிறது. வோல்ற்றளவு குறைய அம்பியரும் சேர்ந்து குறைவதால்தான் வலு மூன்றிலொரு பங்கு விழுந்துவிட்டது. ஒன்றரை லீற்றர் தண்ணீர் 5 நிமிடத்தில் கொதிக்க வேண்டியது 7 நிமிடம் எடுக்கும். கரண்ட் பில் பெரிதாக ஏறாது, குறைந்த வலுவில் கூடிய நேரம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். கேத்திலை நிறுத்திவிட்டு அதே பிளக்கில் வோல்ற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் 190க்குக் கிட்டவே நின்றால் லைனில் வருவதே குறைவு, உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் முறையிடுங்கள். 205 காட்டினால் 15 வோல்ற்று வழியில் எங்கோ விழுகிறது. 15ஐ 5.4ஆல் வகுத்தால் 2.8 ஓம் தடை, 15ஐ 5.4ஆல் பெருக்கினால் 81 வாற்று சூடு. தளர்ந்த மூட்டிலோ மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயரிலோ அது சேர்ந்தால் வயரின் உறை உருகும், நெருப்புப் பிடிக்கும். கேத்தில் ஓடி முடிந்ததும் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த இடத்தை உடனே மாற்றுங்கள். புதுக் கேத்திலுக்கு வைத்த காசை வயருக்குப் போடுங்கள்.

அப்புறம் ஒன்று: வயரைக் கவ்விப் பிடித்து அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றரை ஒற்றை வயரில்தான் மாட்ட வேண்டும். இரண்டு வயரும் சேர்ந்த கேபிளில் மாட்டினால் பூச்சியம் காட்டும்.

உண்மையிலேயே தடை 53 ஓம் என்று வந்திருந்தால், கடைப் பில்லையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்திருக்கலாம்.

கேள்வி: இதே கணக்கைத் தண்ணி மோட்டருக்கும் போடலாமா? – வாசகர், பூநகரி

பதில்: வேண்டாம். மோட்டரில் வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் உண்மையான வாற்றைவிடக் கூடவே வரும். அதை வலுக்காரணியாலும் (அந்தப் பெருக்கத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வாற்று என்று சொல்லும், ஒன்றுக்குக் குறைந்த எண்) பெருக்க வேண்டும். வோல்ற்று குறைந்தால் கேத்தில் மெல்லச் சூடாகும். மோட்டரோ அதே தண்ணீரை இழுக்க அம்பியரைக் கூட்டும், கொயில் கருகிவிடும். 190இல் ஓட விடாதீர்கள். வோல்ற்று ஏறுகிற நேரம் பார்த்து இறையுங்கள்.