ஒரே ஒரு த்ரெட் ஓடினாலும் அது ஏன் கோர் விட்டுக் கோர் மாறுகிறது?

உங்கள் கேள்வி: 8 கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக நிரலை ஓட்டும் பகுதி) உள்ள கணினியில் ஒரே ஒரு கனமான நிரல், ஒரே த்ரெட்டாக (நிரலுக்குள் தொடர்ச்சியாக ஓடும் ஒரு வேலை) ஓடுகிறது, ஒவ்வொரு கோரின் சுமையையும் காட்டும் எச்டாப்பில் 100% காட்டும் கோர் அடிக்கடி மாறுகிறது, நிரலைக் குறிப்பிட்ட கோரில் மட்டும் ஓட வைக்கும் டாஸ்க்செட் கட்டளையைப் போட்டு ஒரே கோரில் கட்டிவிடலாமா?

இப்போதைக்குக் கட்ட வேண்டாம். எனக்குப் பழக்கம் லினக்ஸ்தான், அதை வைத்தே சொல்கிறேன்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.4 பதிப்புக் காலத்தில், ஓடக் காத்திருக்கும் த்ரெட்களுக்கு எல்லாக் கோருக்கும் பொதுவாக ஒரே வரிசை, அதற்கு ஒரே பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு கோர்தான் வரிசையைத் தொட முடியும்). கோர்கள் கூடக் கூட, அடுத்த த்ரெட்டை எடுப்பதற்கே ஒவ்வொன்றும் பூட்டுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்நார் எழுதி 2.6இல் வந்த ஷெட்யூலர் (எந்த த்ரெட் எப்போது, எந்தக் கோரில் ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி), கோருக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. அப்புறம் 2007இல் சிஎஃப்எஸ், 2023இல் ஈஈவிடிஎஃப் என்று புது ஷெட்யூலர்கள் வந்து, அடுத்து யார் ஓடுவது என்பதற்கான விதி மாறியது. தனித்தனி வரிசை மட்டும் மாறவில்லை.

வரிசையைப் பிரித்ததும் வேறொரு சிக்கல் வந்தது. ஒரு வரிசையில் மூன்று த்ரெட் காத்திருக்கும், பக்கத்துக் கோர் சும்மா இருக்கும். அதனால் வேலை தீர்ந்த கோர், நெரிசலான வரிசையிலிருந்து ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உங்கள் த்ரெட் டிஸ்க்குக்காகத் தூங்கி எழும்போதும் எந்தக் கோரில் எழுப்புவது என்று புதிதாக முடிவாகும். பழைய கோரில் அந்த நேரம் வேறொரு சின்ன வேலை உட்கார்ந்திருந்தால், காலியான கோருக்குப் போய்விடும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மாறுவது இலவசம் இல்லை. கோரை ஒட்டியே இருக்கும் சின்ன, வேகமான நினைவகமான எல்1, எல்2 கேஷில் சேர்த்து வைத்த தரவு பழைய கோரிலேயே தங்கிவிடும். அதனால்தான் சற்று முன்வரை ஓடிய த்ரெட்டை, வழக்கமான அமைப்பில் 0.5 மில்லிசெகண்டுக்குள் ஓடியதை, ‘இன்னும் சூடாக இருக்கிறது’ (அதன் தரவு இன்னும் கேஷில் இருக்கும்) என்று கருதி ஷெட்யூலர் எளிதில் நகர்த்தாது. ஒரே எல்3 கேஷைப் பகிரும் கோர்களுக்குள் தாராளமாக மாற்றும். தூரத்து நினைவகத்தை ஒட்டிய கோருக்கு அனுப்பத் தயங்கும்.

என்னைக் கேட்டால், யார் அடுத்து என்பதைவிட எங்கே என்பதுதான் கடினமான கேள்வி. லினக்ஸ் ஷெட்யூலரைப் பற்றி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, த்ரெட்கள் காத்திருக்கும்போதே சில கோர்கள் விநாடிக்கணக்கில் சும்மா இருந்ததைக் காட்டியது. ஒரு காரணம், கோர்க் குழுக்களின் சராசரிச் சுமையை ஒப்பிட்டது. குழுவில் ஒரு த்ரெட்டின் கனம் மிக அதிகமானால், பக்கத்தில் காலியாக இருக்கும் கோர் அந்தச் சராசரியில் மறைந்துவிடும். அத்தனை வருடம் அத்தனை பேர் பயன்படுத்திய நிரலில் இப்படி ஒன்று ஒளிந்திருந்தது என்பதைப் படித்தபோது உண்மையாகவே அசந்துபோனேன்.

நானும் ஒருமுறை கட்டிப் பார்த்தேன். 4 கோர், 8 லாஜிக்கல் சிபியு (ஒவ்வொரு கோரும் இரண்டாகத் தெரியும்) உள்ள கணினி. படங்களைச் சுருக்கும் நிரலின் 4 த்ரெட்களை 0 முதல் 3 வரை எண்ணுள்ள லாஜிக்கல் சிபியுக்களில் கட்டினேன், வேகம் குறைந்தது. அந்தக் கணினியில் 0, 1 இரண்டும் ஒரே கோரின் இரு பாதிகள், 2, 3 இன்னொரு கோர். மீதி இரண்டு கோர்களும் சும்மா கிடந்தன. எண் வரிசை கணினிக்குக் கணினி மாறும், எல்எஸ்சிபியு கட்டளையில் பார்க்கலாம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: பெர்ஃப் ஸ்டாட் என்ற அளவிடும் கட்டளையைப் போட்டு நிரலை ஓட்டுங்கள். எத்தனை முறை கோர் மாறியது என்று காட்டும். விநாடிக்குச் சில முறைதான் என்றால் அதனால் வரும் இழப்பு அளக்கக்கூட முடியாத அளவுதான். ஆயிரக்கணக்கில் இருந்தால், த்ரெட் எதற்காக அத்தனை முறை தூங்கி எழுகிறது என்று தேடுங்கள்.