கைவினை கேள்வி – பதில்: மரப்பெட்டியில் நாப்கின் படம்

கேள்வி: கொலுவுக்கு வருபவர்களுக்குத் தர 4 அங்குல மரப்பெட்டிகள் வாங்கினேன். மூடியில் பூப்போட்ட பேப்பர் நாப்கினை ஃபெவிகால் தடவி ஒட்டினால் ஒரே சுருக்கம், படமும் மங்கல். ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: நாப்கினில் 2 அல்லது 3 அடுக்கு இருக்கும். படம் மேலடுக்கில்தான்; மற்றதை உரித்துவிடுங்கள். தனி அடுக்கு கண்ணாடி மாதிரி, கீழே உள்ள மரநிறம் தெரிந்து படத்தை மங்கடிக்கும். அதனால் முதலில் 220 எண் உப்புத்தாள், பிறகு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் 2 பூச்சு.

சுருக்கத்துக்குக் காரணம் ஈரம். நனைந்த தாள் நீளும். 2 பங்கு ஃபெவிகாலில் 1 பங்கு தண்ணீர் கலந்து மூடியில் தடவி, முழுக்கக் காயவிடுங்கள். அதன்மேல் படம், படத்தின்மேல் பட்டர் பேப்பர். மிதமான சூட்டில், நீராவி இல்லாமல், நடுவிலிருந்து ஓரம் நோக்கி இஸ்திரி போடுங்கள். காய்ந்த பசை இளகித் தாளைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை உப்புத்தாளால் கீழ்நோக்கித் தேய்த்தாலே நறுக்கென்று அறும். கத்தரிக்கோல் பக்கமே போகாதீர்கள்!

மேலே தண்ணீரில் கரையும் வார்னிஷ் 2 பூச்சு. எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் வெள்ளையை மஞ்சளாக்கும்.

கேள்வி: பெயின்ட் அடித்த மூடி பெட்டியோடு ஒட்டிக்கொள்கிறதே?
– வாசகர், சேலம்

பதில்: அக்ரிலிக் மேல் அக்ரிலிக் அழுந்தினால் ஒட்டும். இரண்டும் தொடும் விளிம்பில் பெயின்ட் வேண்டாம். அடித்தாகிவிட்டதா? மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள்.