அம்பாசடர் இன்ஜினை வீட்டிலேயே பிரித்துச் சேர்க்கிறேன். கேம்ஷாஃப்ட் டைமிங்கை எப்படிச் சரிபார்ப்பது? புள்ளிக்கு நேர் புள்ளி வைத்தால் போதாதா?

கேம்ஷாஃப்ட் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு; பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் தண்டு செயின் வழியாக அதைச் சுற்றுகிறது. பிஸ்டன் எங்கே இருக்கும்போது வால்வு திறக்கிறது என்பதுதான் டைமிங். இரண்டு தண்டுகளின் பல்சக்கரங்களிலும் உள்ள அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்தால் பெரும்பாலும் போதும். எனக்குப் போதவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமான பதில்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்தில் ஒரு காரை நிறுத்தினால் மிச்ச இடத்தில் சைக்கிள்தான் போகும். அங்கேயே வைத்து அப்பாவின் அம்பாசடரைப் பிரித்தேன். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. டைமிங் செயினும் பல்சக்கரங்களும் மட்டும், ‘பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது’ என்று புதுப்பேட்டையில் பழையதாக வாங்கியவை. புள்ளிக்கு நேர் புள்ளி வைத்து மூடினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் பேசின் பாலத்து ஏற்றத்தில் இழுக்கவே இல்லை. கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் இரண்டு வாரம் நோண்டிக்கொண்டிருந்தேன்.

பெரம்பூர் லோகோவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமாதான் ஒருநாள் கேட்டார்: “தம்பி, புள்ளி இருப்பது சக்கரத்தில். வால்வு எப்போது திறக்கிறது என்று பார்த்தாயா?”

பார்க்கவில்லை. சக்கரத்துக்கும் கேம்ஷாஃப்டுக்கும் நடுவில் அவற்றைப் பூட்டும் ஒரு கீ, அதாவது சிறு இரும்புத் துண்டு, இருக்கிறது. அது உட்காரும் காடி (பள்ளம்) சற்று விலகியிருக்கலாம். செயின் தேய்ந்து நீண்டிருக்கலாம். அப்போதும் புள்ளிகள் கண்ணுக்கு நேராகவே தெரியும்.

முதலில் பிஸ்டனின் உச்ச நிலையை, அதாவது டி.டி.சி.யைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உச்சிக்கு அருகே கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது. ஸ்குரூடிரைவரை விட்டுப் பார்ப்பது வெறும் உத்தேசம். 360 டிகிரி குறித்த வட்டம் ஒன்றைத் தாளில் அச்செடுத்து, தட்டையான தகட்டில் ஒட்டி, நடுவில் துளையிட்டு, கிராங்க் முனையின் பெரிய நட்டுக்கு அடியில் இறுக்குங்கள். (நான் வீட்டு எவர்சில்வர் தட்டு ஒன்றைத் துளைத்தேன். அம்மா இன்னும் மறக்கவில்லை.) கட்டுக்கம்பி ஒன்றை வளைத்து முள்ளாக வையுங்கள். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் கழன்றிருக்கும்போதே 1ஆம் சிலிண்டருக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையைப் பிடித்து, அதில் ஒரு போல்ட்டை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே முட்டி நிற்கும்படி செய்யுங்கள். கிராங்கை ஸ்பேனரால் மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றிக் குறித்துக்கொண்டு, பிறகு மறுபக்கம் சுற்றிக் குறியுங்கள். எனக்கு ஒரு பக்கம் 31, மறுபக்கம் 27. இரண்டு பக்கமும் 29 வரும்படி முள்ளை 2 டிகிரி நகர்த்தினால் பூஜ்யம்தான் உண்மையான டி.டி.சி. இதற்குப் பிறகு தட்டையோ முள்ளையோ யாரும் தொடக்கூடாது, முக்கியமாகத் தெருப் பிள்ளைகள்.

பட்டையைக் கழற்றிவிட்டு ஹெட்டைப் பொருத்துங்கள். (நான் இதற்காக மறுபடி கழற்றியதில் ஒரு கேஸ்கெட் காசு போனது.) 1ஆம் சிலிண்டரின் இன்டேக் வால்வுக்கு மட்டும் டேப்பட் இடைவெளியைப் பூஜ்யமாக்கி, வால்வு ஸ்பிரிங் தொப்பியின் மேல் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) முள்ளை நிறுத்துங்கள். வால்வு முழுதாகத் திறக்கும் இடத்தை நேரடியாகக் குறிக்க முடியாது. அங்கும் அது சற்று நேரம் அசையாமல் நிற்கும். அதனால் உச்சத்துக்கு 1 மி.மீ. முன்னும் 1 மி.மீ. பின்னும் தட்டு காட்டும் டிகிரிகளைக் கூட்டிப் பாதியாக்குங்கள். எப்போதும் இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய் மறுபடி வாருங்கள். இல்லையென்றால் செயினின் தொய்வையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

வரவேண்டிய எண்ணைக் கையேட்டிலிருந்து கணக்கிடலாம். இன்டேக் வால்வு டி.டி.சி.க்கு 5 டிகிரி முன்னால் திறந்து, பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 45 டிகிரியில் மூடுகிறது என்றால், மொத்தம் 5+180+45=230. பாதி 115. அதில் 5 போக 110. அதாவது டி.டி.சி.க்குப் பின் 110 டிகிரியில் வால்வு உச்சத்தில் இருக்க வேண்டும். எனக்கு 90, 144 என்று வந்தது, பாதி 117. கேம் 7 டிகிரி பின்தங்கியிருந்தது. கேம் பின்தங்கினால் குறைந்த வேகத்தில் இழுவை போகும். பேசின் பாலத்துக் கதைக்கு விடை அதுதான்.

இந்த 7 என்ற எண்ணே காரணத்தையும் ஓரளவு சொல்லிவிடும். கேம் சக்கரத்தில் 40 பல் இருப்பதாக வையுங்கள். ஒரு பல் தவறினால் கேமில் 9 டிகிரி. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று என்பதால் கிராங்கில் 18. ஆகவே என்னுடையது பல் மாறிய கோளாறு அல்ல, தேய்மானமோ காடியோதான். செயினையும் இரண்டு சக்கரங்களையும் புதிதாக மாற்றினேன். 111 வந்தது. ஒரு டிகிரிக்காக நான் சண்டை போடவில்லை.

டயல் கேஜ் கிடைக்கவில்லையென்றால் குறைந்தபட்சம் ஒன்று செய்யுங்கள். 1ஆம் சிலிண்டர் கம்ப்ரஷனில் (வால்வுகள் மூடியபடி காற்றை அழுத்தி) உச்சிக்கு வரும்போது 4ஆம் சிலிண்டரைப் பாருங்கள்: அங்கே எக்ஸாஸ்ட் மூடி முடிக்கும், இன்டேக் திறக்கத் தொடங்கும். பல் மாறியிருந்தால் இதிலேயே தெரிந்துவிடும். 7 டிகிரி தெரியாது.

பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றாமல் ஸ்டார்ட்டர் பக்கம் போகாதீர்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் காட்டினால் வால்வு வளையும். புள்ளிகள் எதிரெதிரே நின்றால் 1ஆம் சிலிண்டர் கம்ப்ரஷனில்தான் இருக்கும் என்றும் முடிவு கட்டாதீர்கள். பிளக் ஓட்டையில் விரலை வைத்து, காற்று தள்ளுகிறதா என்று பார்த்த பிறகே டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குங்கள்.