பொண்ணு டென்டல் அசிஸ்டென்ட் ஆகட்டுமா என்று கேட்ட அம்மாவுக்கு

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன் அம்மா. பொண்ணு ஒரே பிடியாக நிற்கிறாள், உங்களுக்கோ "இவ்வளவு படிக்க வைத்தது டாக்டருக்கு எடுபிடி வேலை பார்க்கவா" என்று மனசு கேட்கவில்லை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எடுபிடி என்ற அந்தச் சொல்லை மட்டும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வேர் சிகிச்சை (ரூட் கெனால்) நடக்கும்போது டாக்டரின் கண் பல்லை விட்டு நகராது. கையை மட்டும் நீட்டுவார், அந்தக் கையில் சரியான கருவி, சரியான பக்கம் திரும்பியபடி, அந்த நொடியில் வந்து உட்கார வேண்டும். வேரைச் சுத்தம் செய்யும் ஃபைல்கள் எல்லாம் ஊசி மாதிரிதான் இருக்கும், பிடியின் நிறத்தை வைத்துத்தான் அளவு தெரியும். வெள்ளை என்றால் 15, மஞ்சள் 20, சிவப்பு 25, நீலம் 30. டாக்டர் மஞ்சளில் இருக்கும்போதே அசிஸ்டென்ட் சிவப்பை எடுத்துத் தயாராக வைத்திருப்பார். வலது கைப் பழக்கமுள்ள டாக்டர் என்றால் அசிஸ்டென்ட் நோயாளியின் இடது பக்கம், டாக்டரைவிட 4 முதல் 6 அங்குலம் உயரமாக உட்கார்ந்து, வலது கையால் சக்ஷனைப் பிடித்து எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டே இடது கையால் கருவியை மாற்றிக் கொடுப்பார். அதுவும் நோயாளியின் முகத்துக்கு மேலே கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழே, ஊசி நோயாளியின் பார்வையில் படாதபடி. இதற்கு நான்கு கை பல் மருத்துவம் என்றே பெயர். அந்த நாலு கையில் இரண்டு உங்கள் பொண்ணுடையது.

அப்புறம் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வேலை இருக்கிறது, என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் மானமே அதில்தான் இருக்கிறது. ஒருவர் வாயில் போன கருவி அடுத்தவர் வாய்க்குப் போவதற்கு முன் கழுவி, காயவைத்து, பையில் போட்டு மூடி, நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவ் கருவியில் வைக்க வேண்டும். நீராவி 121 டிகிரி செல்சியஸில் என்றால் குறைந்தது 15 நிமிஷம், 134 என்றால் 3 நிமிஷம், அதுவும் அந்தச் சூட்டை எட்டிய பிறகு கணக்கு. கருவியின் இடுக்கில் காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தால் நீராவி அங்கே போய்ச் சேராது, எத்தனை நிமிஷம் வைத்தாலும் வீண். பை ஈரமாக வெளியே வந்தாலும் திரும்ப முதலிலிருந்துதான். கூட்டம் அதிகமான நாளில் "பரவாயில்லை, விடு" என்று தோன்றும் பாருங்கள், அப்போது விடாமல் செய்கிறவர்தான் நல்ல அசிஸ்டென்ட். டாக்டர் அதைப் பார்க்கக்கூட மாட்டார்.

இந்த வேலையின் கதையே அழகானது. 1885-ல் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் ஒரு பெண்ணை உதவியாளராகச் சேர்த்தார். அங்கே ஒரு பெண் இருக்கிறார் என்ற தைரியத்திலேயே மற்ற பெண்கள் தனியாகச் சிகிச்சைக்கு வர ஆரம்பித்தார்கள். பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்த முன்னோடிகளில் ஒருவரும் அதே கெல்ஸ்தான். அதன் ஆபத்து தெரியாத காலம், கதிர்வீச்சில் முதலில் விரல்களையும் கடைசியில் ஒரு கையையும் இழந்தார். அதனால்தான் இன்றைக்கும் எக்ஸ்ரே பாடத்தில் ஃபிலிமையோ சென்சாரையோ நோயாளியின் வாயில் உன் விரலால் பிடிக்காதே, தடுப்புக்குப் பின்னால் நில் என்று அடித்துச் சொல்கிறார்கள்.

சரி, இனி கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். பல்லைக் கடைவது, பிடுங்குவது, என்ன நோய் என்று முடிவு சொல்வது எல்லாம் டாக்டரின் வேலை, அசிஸ்டென்ட் செய்யக் கூடாது. பத்து வருஷம் பக்கத்தில் நின்றாலும் அந்த அனுபவத்தை வைத்து டாக்டர் ஆகிவிட முடியாது, அதற்குப் பட்டப்படிப்பு தனி. பல்லில் படிந்த காரையை எடுக்கும் ஹைஜீனிஸ்ட் வேலைக்கும் படிப்பும் பதிவும் வேறு. அவள் மனசுக்குள் டாக்டர் கனவை வைத்துக்கொண்டு இதை ஒரு குறுக்கு வழி என்று நினைக்கிறாளா என்று இன்றைக்கே உட்காரவைத்துக் கேளுங்கள். அப்படியென்றால் நாம் பேச வேண்டியது வேறு. இந்த வேலையே பிடித்திருக்கிறது என்றால், பல் சீரமைப்பு, தாடை அறுவை சிகிச்சை, குழந்தைகள் பல் மருத்துவம் என்று ஏதாவது ஒன்றில் கைதேர்ந்தவளாகலாம். பின்னாளில் கிளினிக்கை நிர்வகிக்கலாம், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தரலாம்.

உடம்பைப் பற்றியும் யோசியுங்கள். கழுத்தும் இடுப்பும் வலிக்கும், உட்காரும் முறையை முதல் நாளிலிருந்தே சரியாகப் பழகவில்லையென்றால் பின்னால் திருத்துவது கஷ்டம். வேலையில் கால் வைப்பதற்கு முன்பே ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசியை ஆரம்பித்துவிடுங்கள், வழக்கமான முறையில் 3 டோஸ், முழுவதும் முடிய 6 மாசம் ஆகும். பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடவே கூடாது என்பதும் அவளுக்கு மனப்பாடம் ஆக வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் முழு ஃபீஸையும் கட்டிப் படிப்பை முடித்துவிட்டு வந்தான், கையில் சான்றிதழ் இருந்தது, ஆனால் அல்ஜினேட் கலக்கத் தெரியவில்லை. பல் அச்சு எடுக்கும் பொடி அது, தண்ணீர் பட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் இறுகிவிடும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம், ஒரு குமிழி உள்ளே நின்றுவிட்டால் அச்சு பாழ். படிப்பு முழுக்க பிளாஸ்டிக் பல்லையும் பாடப்புத்தகத்தையும் வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். அவன் அழுததை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் சேரப்போகும் இடத்தில் நேராகக் கேளுங்கள்: உண்மையான நோயாளிகளோடு எத்தனை மணி நேரம் பயிற்சி, எந்தக் கிளினிக்கில், யார் மேற்பார்வையில்? அவள் வேலை பார்க்கப்போகும் இடத்தின் பல் மருத்துவ கவுன்சில் இந்தச் சான்றிதழை ஏற்குமா? எக்ஸ்ரே எடுக்கத் தனி அனுமதி வேண்டுமா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். சில இடங்களில் படிப்பே இல்லாமல் வேலையில் சேர்த்துப் பழக்குகிறார்கள், அதுவும் தவறில்லை, ஆனால் சொல்லித்தருகிற டாக்டருக்குப் பொறுமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், தெரிந்த பல் டாக்டர் யாரிடமாவது கேட்டு ஒரு முழு நாள் அவளைக் கிளினிக்கில் உட்காரவையுங்கள், நோயாளிகளின் சம்மதத்தோடு. பல் பிடுங்குவதைப் பார்க்கட்டும், பயந்து வாயைத் திறக்க மறுக்கும் குழந்தையைப் பார்க்கட்டும், சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ட்ரேயைத் துடைப்பதையும் பார்க்கட்டும். ரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றினால் கவலைப்படாதீர்கள், பலருக்கும் அது நாளாக ஆகச் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம் அம்மா. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று மட்டும் கவனியுங்கள், அந்த ஏசி அறையையும் சீருடையையும் பற்றியா, இல்லை அந்தக் குழந்தை கடைசியில் எப்படி வாயைத் திறந்தது என்பதைப் பற்றியா. அதை எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு எங்கே சேர்க்கலாம் என்று அப்போது பேசுவோம்.